பாரிசவாயுவும் தலைவிதியும்

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்த விஷயம் புராணத்தைப் பற்றியதுமல்ல, புரோகிதத்தைப் பற்றியதுமல்ல. வைத்திய சம்பந்தமான ஒரு விஷயம். "வைத்தியத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன யோக்கியதை?" என்று சிலர் கேட்கலாம். நாம் வைத்தியர் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் நமக்கு அதிகம் இல்லை. ஆனால் பரீட்சை கொடுக்காதவன் புத்தகம் படிக்கக் கூடாது, படித்ததைப் பிறருக்குச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டில் ஒருவன் நோயில் விழுந்தால் மந்திரிக்கிறவனையும் சோதிடனையும் அழைத்து வருகிறீர்களே, அவன் எந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினான் என்று யாராவது ஒருநாள் கேட்டதுண்டா? அவனிடம் கேட்காத யோக்கியதையை நம்மிடம் மாத்திரம் கேட்பது நியாயமாகுமா? ஆகவே, நாம் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்டு, பிறகு உங்கள் புத்தியைக் கொண்டு முடிவு செய்துகொள்ள வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.

நாம் பேசப் போவது பாரிசவாயு என்றும், பக்கவாதம் என்றும், கை கால் விழுந்துபோதல் என்றும் சொல்லப்படுகிற வியாதியைப் பற்றி. இந்த வியாதி இல்லாத ஊர் இல்லை. நேற்று வரை ஏர் பிடித்தவன், கடையில் கணக்கு எழுதியவன், இன்று காலையில் வாய் கோணி, ஒரு கையும் ஒரு காலும் வராமல் கிடக்கிறான். உடனே வீட்டில் என்ன நடக்கிறது? "முனி அடித்துவிட்டது" என்கிறான் ஒருவன். "எவனோ செய்வினை வைத்துவிட்டான்" என்கிறான் மற்றொருவன். "ஏழரைச் சனி" என்கிறான் சோதிடன். வேப்பிலை அடிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், புறாவை அறுத்து அதன் இரத்தத்தை விழுந்த கையில் சூட்டோடு தேய்க்கிறார்கள். புறாவுக்கு உயிர் போகிறதே ஒழிய கைக்கு உயிர் வருவதில்லை. கடன் வாங்கி ஊர் ஊராய் வேண்டுதல் செய்து, பணமெல்லாம் தீர்ந்த பிறகு, கடைசியாக ஒரு பெரிய மனிதர் வந்து, "எல்லாம் பூர்வ ஜென்மத்துக் கர்மம், அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்றோடு நோயாளியைத் திண்ணை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

தோழர்களே! இந்தக் கர்மக் கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். விழுந்து கிடப்பவன் போன ஜென்மத்தில் பாவம் செய்தான் என்றே வைத்துக் கொள்ளுவோம். இராப் பகலாய் அவனுக்கு மலஜலம் எடுத்துக் கொட்டி, புரட்டிப் படுக்க வைத்து, தன் இடுப்பு ஒடிந்து போகிறாளே அவன் மனைவி, அவன் மருமகள், அவள் என்ன பாவம் செய்தாள்? அவளும் பாவம் செய்தவள் என்றால், அவளுக்கு ஏன் கை கால் விழவில்லை? ஒருவன் பாவத்துக்கு இன்னொருத்திக்குத் தண்டனை கொடுக்கிற நியாயாதிபதியை நம்முடைய சாதாரணக் கோர்ட்டில்கூட யாரும் பொறுத்துக் கொள்ளமாட்டார்கள்.

பெயரிலேயே கடவுள்

இந்தப் பைத்தியக்காரத்தனம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலீஷில் இந்த வியாதிக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். அதற்கு "அடி" என்று அர்த்தம். யார் அடித்த அடி? கடவுளுடைய கை அடித்த அடி என்பதுதான் அந்தக் காலத்து எண்ணம். கிரேக்கர் வைத்த பழைய பெயருக்கும் "அடித்து வீழ்த்தப்படுதல்" என்பதே பொருள். ஆக, வெள்ளைக்காரனும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே "சாமி அடித்துவிட்டது" என்றுதான் சொல்லிக் கொண்டிருந்தான். ஆனால் அவர்களுக்குள் சிலர் அதோடு நின்றுவிடவில்லை. 1658ல் சுவிட்சர்லாந்தில் வெப்பர் என்ற வைத்தியர், இந்த வியாதியால் இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்தார். உள்ளே கடவுள் கையின் தழும்பு எதுவும் இல்லை; மூளைக்குள் இரத்தம் கசிந்து கட்டியிருந்தது. அடித்தது யார் என்ற கேள்வி போய், உடைந்தது எது என்ற கேள்வி வந்தது. அன்றைக்குத்தான் இந்த வியாதிக்கு வைத்தியம் செய்ய வழி பிறந்தது.

விஷயம் இவ்வளவுதான். நம் சரீர எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் இழுக்கிற பிராணவாயுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவு செய்கிறது. அதற்கு இரத்தம் கொண்டு போகிற குழாய் அடைத்துக் கொண்டாலும் சரி, வெடித்துவிட்டாலும் சரி, அந்தக் குழாயை நம்பியிருக்கிற மூளைப்பாகம் பட்டினியால் சாகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷம் ஒன்றுக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வேப்பிலை அடித்து முடிக்க அரைமணி நேரம் ஆகிறதென்றால், எத்தனை லட்சம் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

மூளையின் இடது பாகம் வலது கை கால்களையும், வலது பாகம் இடது கை கால்களையும் ஆளுகிறது. 1937ல் கனடா தேசத்தில் பென்பீல்டு என்ற இரண சிகிச்சை வைத்தியரும் அவர் சகாவும், மூளையின் எந்த இடம் எந்த அவயவத்தை ஆளுகிறது என்று படம் வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாய்க்கும் முகத்துக்கும் உரிய இடம் கீழே பக்கவாட்டில் இருக்கிறது. காலுக்கு உரிய இடமோ உச்சந்தலைக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது! முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று எழுதி வைத்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ தெரியவில்லை. மூளைக்கு அந்த வருணாச்சிரமம் தெரியாது. அதற்குக் கால் வேண்டும், கை வேண்டும், வாயும் வேண்டும். எதுவும் எதற்கும் அடிமை அல்ல.

ஒரு மனிதர் கேட்ட கேள்வி

நிற்க, அணுக்கள் செத்த பிறகு என்ன செய்வது? விழுந்த கை விழுந்ததுதானா? வெகுகாலம் வரை விஞ்ஞானிகளே அப்படித்தான் நினைத்தார்கள். வளர்ந்த மனிதனின் மூளை வார்த்து முடித்த பாத்திரம், இனி அதில் எதுவும் மாறாது என்பது அவர்கள் கொள்கை. ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ வருகிற குணம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று கைவிட்டு விடுவார்கள். நம் ஊர்ப் பெரிய மனிதர் கர்மம் என்றார். அவர்கள் நரம்பு என்றார்கள். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான், மூலையில் கிட என்பதுதான்.

இந்தக் கொள்கையை அசைத்தவர்களில் ஒருவர் எட்வர்டு டாப் என்கிற அமெரிக்கர். 1931ல் நியூயார்க்கில் பிறந்தவர். இவர் வைத்தியர்கூட அல்ல, மனநூல் படித்தவர். அவர் செய்த காரியத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

1895ல் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் என்ற இரு பெரிய அறிஞர்கள் குரங்குகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு வேர்களை மாத்திரம் அறுத்தார்கள். அசைவைக் கொடுக்கிற நரம்பைத் தொடவில்லை. ஆனாலும் அந்தக் குரங்கு அந்தக் கையை உபயோகிப்பதை விட்டுவிட்டது. ஆகவே, உணர்ச்சி இல்லாமல் அசைவு இல்லை என்று முடிவு கட்டினார்கள். ஷெரிங்டன் 1932ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் சொன்னதை எதிர்த்துப் பேச யார் துணிவார்கள்? அது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

டாப் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். ஆனால் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டார். "குரங்குக்கு அந்தக் கை வரவில்லையா, அல்லது அந்தக் கையை அது நாடவில்லையா?" என்பதுதான் அந்தக் கேள்வி. இதற்கு விடை காண நல்ல கையைக் கட்டிப் போட்டார். என்ன ஆயிற்று? "செத்துப் போன" கையை நீட்டித் தீனியை எடுத்தது! இரண்டு கைகளின் உணர்ச்சி நரம்பையும் அறுத்துப் பார்த்தார்கள். ஒரு கை அறுபட்டால் அதை உபயோகிக்காத குரங்கு, இரண்டும் அறுபட்டால் கொஞ்ச நாளில் இரண்டையும் உபயோகித்தது! ஒன்று அறுபட்டால் வராதாம், இரண்டும் அறுபட்டால் வருமாம். இதில் கோளாறு நரம்பில் மாத்திரம் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பது விளங்குகிறதல்லவா?

அவர் கண்டுபிடித்த காரணம் இதுதான். அடிபட்ட புதிதில் நரம்பு மண்டலம் அதிர்ச்சியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கை உண்மையாகவே வராது. குரங்கு முயற்சிக்கிறது, தீனி கீழே விழுகிறது, தானும் தடுக்கி விழுகிறது. மற்றொரு கையால் எடுத்தால் காரியம் உடனே ஆகிறது. பத்துத் தரம் தோற்ற பிறகு, பதினோராம் தரம் அது முயற்சிப்பதே இல்லை. சில மாதங்களில் அதிர்ச்சி நீங்கி, கைக்குத் திறமை திரும்பிவிடுகிறது. ஆனால் திரும்பியது அந்தக் குரங்குக்குத் தெரியாது! ஏனென்றால் அதுதான் முயற்சியையே விட்டுவிட்டதே! இதை நாம் தமிழில் "பழகிப்போன முடக்கம்" என்று சொல்லலாம். இது சரிதானா என்றும் அவர் சோதித்தார். சில குரங்குகளுக்கு அறுவை முடிந்தவுடனேயே அந்தக் கையை மாதக் கணக்கில் கட்டி வைத்து, முயன்று தோற்கிற சந்தர்ப்பமே கொடுக்காமல், அதிர்ச்சிக் காலம் தீர்ந்த பிறகு அவிழ்த்துவிட்டார். அந்தக் குரங்குகள் அந்தக் கையை உபயோகித்தன. தோல்வியைப் பழகாத கைக்கு முடக்கம் இல்லை!

மனிதனிடம்

பிறகு, பாரிசவாயுவில் கை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலான மனிதர்களிடம் இதைச் செய்து பார்த்து 1993ல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்கள் நாலே பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து பேர். முறை என்னவென்றால்: நல்ல கைக்குக் கட்டு அல்லது உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதை உபயோகிக்க முடியாமல் செய்துவிடுவது. இரண்டு வாரம், வேலை நாட்களில் தினம் ஆறு மணி நேரம் விழுந்த கைக்குப் பயிற்சி. பயிற்சி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. டம்ளர் எடுப்பது, கதவுப் பிடியைத் திருப்புவது, ஸ்பூனில் அள்ளுவது, பொத்தான் போடுவது. இன்று கால் அடி தூரம் கை நீட்டினால் நாளை அதற்கு ஒரு விரற்கடை அதிகம். ஒவ்வொரு சிறு முன்னேற்றத்துக்கும் நேரத்தைக் குறித்து, "இதோ நேற்றை விட இரண்டு விநாடி குறைந்தது" என்று நோயாளிக்குக் காட்டுவது. அத்தோடு, வீட்டுக்குப் போனாலும் இன்னின்ன வேலையை இந்தக் கையால்தான் செய்வேன் என்று எழுத்து மூலமாய் ஒப்பந்தம் செய்து கையெழுத்து வாங்கி, தினம் குறிப்பு எழுத வைப்பது.

தோழர்களே, இந்த ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். நம் நோயாளியும் ஒப்பந்தம் செய்கிறான். யாரோடு? சாமியோடு! "கையைக் கொடு, வெள்ளியில் கை செய்து உண்டியலில் போடுகிறேன்" என்கிறான். அங்கே நோயாளி தன்னோடு தானே ஒப்பந்தம் செய்து கொள்ளுகிறான். எந்த ஒப்பந்தத்தில் எதிர்க்கட்சிக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று பாருங்கள்.

நாலு பேருக்குக் குணம் தெரிந்தால் போதுமா? "எங்கள் ஊர்ச் சாமியாரிடம்கூட நாலு பேருக்குக் குணமாயிற்று" என்று சொல்லமாட்டார்களா? சொல்லுவார்கள். அதனால்தான் அதோடு விடவில்லை. அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீவன் உல்ப் என்பவர் தலைமையில், ஏழு நிலையங்களில், வியாதி வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போல் இரண்டாய்ப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தச் சிகிச்சையும் மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பும் கொடுத்தார்கள். 2006ல் முடிவை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட கைவேலைகளைச் செய்ய, சிகிச்சை பெற்றவர்களுக்கு முதலில் சராசரி 19.3 விநாடி பிடித்தது. ஒரு வருஷம் கழித்து 9.3 விநாடியாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 24 விநாடி 17.7 ஆயிற்று. மற்றவர்களுக்கும் குணம் வந்திருப்பதை மறைக்காமல் சொன்னார்கள் பாருங்கள். அதுதான் சாமியாருக்கும் விஞ்ஞானிக்கும் உள்ள வித்தியாசம். சாமியார் குணமானவனை மாத்திரம் எண்ணுவார். விஞ்ஞானி குணமாகாதவனையும் எண்ணுவான், தன்னிடம் வராமலே குணமானவனையும் எண்ணுவான்.

மூளைக்குள்ளும் பார்த்தார்கள். 13 பேருடைய மூளையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து 2000த்தில் வெளியிட்டதில், கையை ஆளுகிற இடம் பயிற்சிக்குப் பிறகு பெரிதாகியிருந்தது. செத்த அணு பிழைத்துவிடவில்லை. பக்கத்தில் உயிரோடு இருந்த அணுக்கள் அந்த வேலையை எடுத்துக் கொண்டன. பேச்சுப் போனவர்களுக்கும் இதே வழியைக் கையாண்டார்கள். சைகை காட்டித் தப்பித்துக் கொள்ளவிடாமல், சீட்டு விளையாட்டு வைத்து வாயால் பேசியே ஆகவேண்டும் என்று தினம் மூன்று மணி நேரமாகப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, பலன் கண்டு 2001ல் வெளியிட்டார்கள். ஆகவே, மூளை வார்த்து முடித்த பாத்திரம் அல்ல. பிசைந்தால் பிசைபடுகிற களிமண் அதில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று ஏற்பட்டுவிட்டது.

விஞ்ஞானியும் நமக்குச் சாமி அல்ல

இவ்வளவு சொன்னதால் டாப் என்பவருக்கு நாம் கோவில் கட்டச் சொல்லுகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் மீது வழக்கும் நடந்தது. 1981ல் மேரிலாந்து மாகாணத்தில் அவருடைய ஆராய்ச்சி சாலையிலிருந்து 17 குரங்குகளைப் போலீசார் எடுத்துக் கொண்டு போனார்கள். காயங்களுக்குச் சரியான வைத்தியம் செய்யவில்லை என்று குற்றம் சாட்டி, முதல் விசாரணையில் ஆறு குற்றங்களுக்குத் தண்டனை விதித்தார்கள். மறு விசாரணையில் அது ஒன்றாகக் குறைந்தது. 1983ல் மேல்கோர்ட்டு அந்த மாகாணச் சட்டம் இந்த ஆராய்ச்சிக்குச் செல்லாது என்று அதையும் தள்ளிவிட்டது. சட்டம் விட்டாலும் ஜனங்கள் விடவில்லை. ஆராய்ச்சிக்கு வைக்கும் பிராணிகளைப் பற்றிய அந்நாட்டுச் சட்டம் 1985ல் கடுமையாக்கப்பட்டதற்கு அந்தக் கிளர்ச்சியும் ஒரு காரணம். ஒரு கைக்கு வழி கண்டுபிடிக்க எத்தனை உயிர் எவ்வளவு வதைபடலாம் என்பது கேட்க வேண்டிய கேள்வியே ஆகும். நாம் கேட்கத்தான் சொல்லுகிறோம். அவர் கண்ட உண்மையை ஏற்றுக் கொள்ளுவதற்கு அவரைக் கும்பிட வேண்டியதில்லை.

விஞ்ஞானம் எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்றும் நாம் சொல்ல வரவில்லை. கை மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நீளுகிறவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை; ஒரு துளியும் அசையாத கைக்கு இது அவ்வளவாய்ப் பயன்படுவதில்லை. பயிற்சி நல்லது என்றால் வியாதி வந்த முதல் நாளே எழுப்பி அதிகமாய் நடக்க வைக்கலாமே என்று ஐந்து தேசங்களில் 2104 பேரிடம் சோதித்தார்கள். 2015ல் வந்த முடிவு என்ன? முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாய் எழுப்பியவர்களில் நூற்றுக்கு 46 பேர்தான் நல்ல நிலைக்கு வந்தார்கள். வழக்கப்படி கவனித்தவர்களில் 50 பேர் வந்தார்கள். நம் இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பேரைச் சேர்த்து, வீட்டாருக்கே பயிற்சி கற்றுக் கொடுத்து அவர்களைக் கொண்டு செய்வித்தால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். 2017ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவர்களும் இரு சாராரிலும் நூற்றுக்கு 47 பேர். அதாவது வித்தியாசம் இல்லை. "நாங்கள் நினைத்தது பலிக்கவில்லை" என்று அவர்களே அச்சிட்டார்கள். எந்தக் கோவில் ஸ்தல புராணத்திலாவது, "இன்ன வருஷம் இத்தனை பேர் வேண்டிக் கொண்டார்கள், ஒருவருக்கும் குணமாகவில்லை" என்று ஒரு வரி அச்சிட்டிருக்கிறார்களா? வீட்டாருக்குச் சில நாள் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதாது, கற்ற பயிற்சியாளரும் அவர் கூலிக்கு வேண்டிய பொதுப்பணமும் தேவை என்பதே நமக்கு இதிலிருந்து தோன்றுகிற பாடம். நாம் சர்க்காரைக் கேட்க வேண்டியது இதைத்தான்.

மற்றொரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "நீ முயற்சி செய்யாததால்தான் கை வரவில்லை, சோம்பேறி" என்று நோயாளியைத் திட்டாதீர்கள். பாவி என்ற பட்டத்தை எடுத்துவிட்டுச் சோம்பேறி என்ற பட்டத்தை வைப்பது பகுத்தறிவாகாது. பழகிப்போன முடக்கம் அவன் குற்றமல்ல. அவன் முயன்று தோற்றபோது பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் குற்றம். நீங்களாகவே நல்ல கையைக் கட்டிவிடவும் வேண்டாம். தடுமாறி விழுந்தால் ஊன்றக் கை இல்லாமல் எலும்பு முறிந்து போகும். தெரிந்தவரைக் கொண்டு செய்ய வேண்டிய காரியம் அது.

நம் சமூகத்துக்கு என்ன?

தோழர்களே! இந்தக் குரங்கின் கதையைப் படித்தபோது நமக்கு நம் ஜனங்களின் ஞாபகமே வந்தது. "உனக்குப் படிப்பு வராது" என்று ஒரு கூட்டத்துக்குச் சொன்னார்கள். படிக்க முயன்றவனை அடித்தார்கள். பெண்ணைப் பார்த்து, "உனக்கு அறிவு கிடையாது, அடுப்பங்கரைதான் உன் இடம்" என்றார்கள். வாய் திறந்தவளை அடக்கினார்கள். அவன் தகப்பன் தோற்றான், பாட்டன் தோற்றான். கடைசியில் பேரன் முயற்சிப்பதையே விட்டுவிட்டு, "நமக்கு அது வராதுங்க" என்று தானே சொல்லுகிறான். தடை நீங்கி, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அப்படியே சொல்லுகிறான். இது என்ன? இதுவும் பழகிப்போன முடக்கம்தானே! நம் கையில் வெட்டு விழுந்தது உண்மை. வெட்டினவர்களை மறந்துவிடும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் வெட்டு விழுந்த கையில் இன்று எவ்வளவு திறமை இருக்கிறது என்பது நீட்டிப் பார்த்தாலல்லாமல் தெரியாது. நம் கல்யாணத்துக்கு மந்திரம் சொல்ல ஒருவன், நம் கணக்கைப் பார்க்க ஒருவன், நமக்காக யோசிக்க ஒருவன் என்று எல்லாவற்றையும் வேறொரு கையிடம் விட்டுவிட்டு, நம் கை வரவில்லை என்று அழுவதில் பிரயோஜனம் இல்லை. சுயமரியாதைக் கல்யாணம் என்பதும், பெண்கள் மேடை ஏறிப் பேசுவது என்பதும், நாமே பத்திரிகை படித்து விவாதிப்பது என்பதும் இந்த விழுந்த கைக்குக் கொடுக்கிற பயிற்சியே ஆகும். முதல் நாள் டம்ளர் கீழே விழத்தான் செய்யும். அதற்காகச் சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

செய்ய வேண்டியது

கடைசியாக, இன்று இரவே உங்கள் வீட்டில் இந்த வியாதி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று தானே இறங்குகிறதா பாருங்கள். பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சுக் குழறுகிறதா கேளுங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக் கொண்டு, 108க்குச் சொல்லி, மண்டையைப் படம் பிடிக்கிற யந்திரம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அடைப்பா வெடிப்பா என்று அந்தப் படத்தில்தான் தெரியும். அடைப்புக்குக் கொடுக்கிற மருந்தை வெடிப்புக்குக் கொடுத்தால் ஆளே போய்விடுவான். அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பைக் கம்பிவழி இழுத்து எடுக்கும் சிகிச்சை ஆறு மணி நேரம் வரைக்கும், சிலருக்குச் சோதித்துப் பார்த்து 24 மணி நேரம் வரைக்கும்கூடச் செய்கிறார்கள். வாயில் சோடாவோ பாலோ கஷாயமோ ஊற்றாதீர்கள்; விழுங்குகிற சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். புறாவை அதன்பாட்டுக்குப் பறக்க விடுங்கள்.

வியாதி வராமல் காப்பதும் நம் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. 32 தேசங்களில் சுமார் 27 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2016ல் வெளியிட்ட கணக்கின்படி, இரத்த அழுத்தம், புகை, மது, சர்க்கரை, கொழுப்பு, பருத்த வயிறு, உடலுழைப்பின்மை, உணவுக் கோளாறு, மனக் கஷ்டம், இருதய நோய் ஆகிய பத்துக் காரணங்களிலேயே இந்த வியாதிக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு அடங்கிவிடுகிறது. எல்லாவற்றிலும் முதன்மையானது இரத்த அழுத்தம். தலையெழுத்து என்று சொன்னார்களே, அதில் பத்தில் ஒன்பது வரி அழித்து எழுதக்கூடிய எழுத்தாகத்தான் இருக்கிறது! தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்கிற ஏற்பாட்டில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பதும், படுத்துவிட்டவர்களுக்கு வீட்டிலேயே கை கால் பயிற்சி கொடுப்பதும் அடங்கியிருக்கின்றன. அது உங்கள் வரிப்பணம். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

ஏற்கெனவே உங்கள் வீட்டுத் திண்ணை மூலையில் ஒருவர் கிடக்கிறார் என்றால், வருஷம் ஆகிவிட்டதே என்று கைவிடாதீர்கள். ஒரு வருஷம் கழித்தும் கை திரும்பியவர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னோம். பயிற்சி கொடுப்பவரிடம் காட்டி, அந்தக் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மீதி இருந்தால் உழைப்பால் அதை வளர்க்கலாம். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. உண்மை தெரிந்துவிட்டால், உண்டியலில் போடுகிற பணத்தை அவருக்கு ஒரு நல்ல நாற்காலியும், அவரைப் பார்த்துக் கொள்ளுகிற பெண்ணுக்கு ஒரு துணை ஆளும் வைக்கச் செலவழிக்கலாம்.

நாம் சொன்னதில் எதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். விசாரியுங்கள்; படித்த வைத்தியரைக் கேளுங்கள்; சரியென்று பட்டால் அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.